செவ்வந்தி ஏறும் நிறுத்தம்

“சாப்பிட்டியாட்டி?”

சண்முகக்கனி கேட்டு வாயை மூடுவதற்குள் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“கேள்வி கேக்கப்பிடாதுக்கா,” என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. காந்த அறையின் இயந்திரத்தை ஓட்டுகிறவள் அவள்தான்.

“சரி, கேக்கல. நேரா சாஞ்சு உக்காரு மக்ளே.”

சிவப்பு.

“கட்டளை போடப்பிடாது.”

“எல்லாம் சரியாப் போயிரும் ராசாத்தி, நான் இருக்கம்லா…”

சிவப்பு.

“வாக்குக் குடுக்கப்பிடாது.”

“நம்ம எதுத்த வீட்டு பிரின்சி இருக்கால்ல, அவளுக்கும் உன் வயசுதான்…”

இந்தத் தடவை விளக்கோடு சேர்ந்து ஒரு மணியும் அடித்தது.

“ஒப்பிட்டுப் பேசுனா மணியும் அடிக்கும்,” என்றாள் ஜெசிந்தா. “கூடாதது நாலுதாங்க்கா. இந்த நாலையும் விட்டுட்டு என்ன வேணும்னாலும் பேசுங்க.”

“இந்த நாலையும் விட்டா நான் என்னத்தப் பேச? பெத்த நாள்ல இருந்து இவகிட்ட நான் பேசுனதே இந்த நாலுதான.”

சண்முகக்கனி வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனாலும் ஜெசிந்தா சிரித்துவிட்டாள். நாற்காலியில் சாய்ந்திருந்த உமையாள் சிரிக்கவில்லை. தலையில் தொப்பி, நெற்றிக்கு இடப்பக்கம் உள்ளங்கை அகலத்தில் காந்தச் சுருள். கண்கள் திறந்திருந்தன. அவை எதையும் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்ல முடியாது.

உமையாளுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று நினைத்தார்கள். அதற்கப்புறம் பதினோரு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். இரண்டு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. அப்பா தோணியில் மாலத்தீவுக்கும் தூத்துக்குடிக்கும் போய்வருகிறவர். கரைக்கு வரும்போதெல்லாம் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார். அவளுக்கு அழுகையும் வரவில்லை.

“உள்ள என்னட்டி செய்யுது?” என்று ஒருமுறை தாய் கேட்டதற்கு, “ஒண்ணும் செய்யல. அதாம்மா,” என்று சொன்னாள். அவள் முழுதாகப் பேசிய கடைசி வாக்கியம் அது.

முதல் நாளே டாக்டர் ஹமீதா பானு எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். காயல்பட்டினத்துக்காரர். அவசரப்படாமல் பேசுகிறவர்.

“காந்தத்தால மூளையில இந்த இடத்த தட்டித் தட்டி எழுப்புறோம். மரங்கொத்தி கொத்துற மாதிரி சத்தம் வரும், வலி பெருசா இருக்காது. இது ரொம்ப காலமா இருக்குற வைத்தியம். வாரத்துக்கு அஞ்சு நாள், ஆறு வாரம், மொத்தம் முப்பது தடவ. புதுசு என்னன்னா, தட்டி முடிச்ச பிறகு பதினெட்டு நிமிஷம் மெல்லிசா இன்னொரு காந்தத்த ஓடவிடுறோம். அந்தப் பதினெட்டு நிமிஷமும் மூளை ஈர மண்ணு மாதிரி. காதுல விழுறது வேர் பிடிச்சிரும். யாரோ சொன்னதா இருக்காது, தானே பாத்ததா, தானே வாழ்ந்ததா ஆயிரும். அதனால பழகுன குரல் ஒண்ணு பேசணும். நீங்கதான் பேசணும்.”

“அதுக்கு எதுக்கு டாக்டரம்மா இத்தன சட்டம்?”

“முதல் வருஷம் சட்டம் இல்ல. ஒரு அப்பா தினமும் வந்து, நீ டாக்டர் ஆகணும், டாக்டர் ஆகணும்னு மகனுக்குச் சொல்லிட்டே இருந்தாரு. பையன் எந்திரிச்சிட்டான். ரத்தத்தப் பாத்தா இன்னும் மயங்கி விழுவான். ஆனா டாக்டருக்குப் படிக்காம இருந்தா மூச்சு முட்டுதுங்குறான். ஒரு அம்மா, தன் தம்பியத்தான் கட்டிக்கணும்னு மகளுக்குச் சொன்னாங்க. அந்தப் பொண்ணுக்குப் பிடிக்கல. ஆனா பிடிக்கலன்னு சொல்ல வாய் வரல. அழுதுட்டே மாலை மாத்திக்கிட்டா. வைத்தியம் பண்ணது நான். அந்தக் கல்யாணப் பத்திரிகை என் மேசை டிராயர்ல இருக்கு.”

சண்முகக்கனி அந்த டிராயரைப் பார்த்தாள்.

“அதனால நடந்தத மட்டும் பேசுங்க. கண்ணால பாத்தது, காதால கேட்டது. பொய் வேண்டாம். விளக்கு அதுக்கு எரியாது. கட்டளைய மெஷின் கண்டுபிடிக்கும், பொய்ய அதால கண்டுபிடிக்க முடியாது. அத நீங்கதான் பாத்துக்கணும்.”

நடந்ததை மட்டும் என்றால் சண்முகக்கனிக்கு இருப்பது ஒரு பஸ். தூத்துக்குடியிலிருந்து பக்கத்துப் புதுக்கோட்டை வரை போய்த் திரும்பும் பஸ்ஸில் அவள் பதினாறு வருஷமாகக் கண்டக்டர். டிரைவர் இப்போது கிடையாது. பஸ் தன்னால் ஓடுகிறது. டிக்கெட்டும் கிடையாது, ஏறும் முகத்தைப் பார்த்தே கதவு கணக்கு வைத்துக்கொள்கிறது. கண்டக்டரையும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சனம் ஏற மறுத்துவிட்டது. திட்டுவதற்கு ஓர் ஆள் இல்லாத வண்டியில் எப்படிப் போவது என்று கேட்டார்கள். அதனால் கண்டக்டரைத் திரும்பக் கூப்பிட்டு, அவள் விசிலைப் பஸ்ஸுக்குப் பழக்கிக் கொடுத்தார்கள். ஒன்று ஊதினால் நிற்கும், இரண்டு ஊதினால் புறப்படும்.

முதல் வாரம் பேச்சு ஓடியது. கோரம்பள்ளத்தில் சேவலோடு ஏறிய ஆளின் முகத்தை விட்டுவிட்டுச் சேவலின் முகத்தைக் கதவு பதிவு செய்த கதையைச் சொன்னாள். மூன்றாம் மைலில் இறங்க மறந்து, “நிப்பாட்டுலே” என்று பஸ்ஸோடு சண்டை போட்ட வாத்தியாரைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உமையாள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் சண்முகக்கனி இன்னொரு காரியமும் செய்தாள். அறையின் தரையில் நாற்காலியைச் சுற்றி மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தது. துணையாள் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். அங்கிருந்து பேசினால் அவளுக்குக் குரல் கண்டக்டர் குரலாக உயர்ந்தது. மகள் காலைப் பிடித்துக்கொண்டு பேசினால் நன்றாக இருக்கும் என்று பட்டது. காந்தம் இருக்கும் இடத்தில் உலோகம் ஆகாது, அதற்குத்தான் கோடு என்று அவளாகவே தீர்மானித்தாள். வீட்டுக்குப் போய்ச் சாமி முன்னால் நின்று தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து, தங்கம் வெளியே தெரியாமல் அதன் மேல் மஞ்சள் துணியைச் சுற்றித் தைத்தாள். கொலுசு, கொண்டை ஊசி, ரவிக்கைக் கொக்கி எல்லாம் போயிற்று. மறுநாள் ஜெசிந்தா உள்ளே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முக்காலியை நகர்த்தி, மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தை மெல்ல அமுக்கிக்கொண்டே பேசினாள். கண்ணாடி வழியே ஜெசிந்தாவுக்குத் தரை தெரியாது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று.

ஒன்பதாம் நாள் பேச்சு தீர்ந்துபோயிற்று.

பஸ்ஸில் எல்லார் காதிலும் பாட்டுக் கேட்கும் ஒரு பொட்டு. யாரும் யாரிடமும் பேசுவதில்லை. ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். சேவல் தினமும் வருமா? சண்முகக்கனி வாயைத் திறந்தாள், மூடினாள். மெல்லிய காந்தம் ஓடும் சத்தம் தேனீக் கூட்டம் போலக் கேட்டது. நாற்காலியில் மகள். வீணாகப் போகும் ஒவ்வொரு நிமிஷமும் சோற்றைக் கொட்டுவது போல இருந்தது அவளுக்கு.

“இன்னிக்கு…” என்றாள். “இன்னிக்கு உப்பளத்து விலக்கு ஸ்டாப்புல ஒரு புள்ள ஏறுனா.”

விளக்கு எரியவில்லை.

“உன்… ஒரு இருவது வயசு இருக்கும். பேரு செவ்வந்தியாம். இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. தலையெல்லாம் ஈரம். என்னட்டி, குளிச்சிட்டுத் தொவட்டாமலா வந்தன்னு கேட்டேன். கடல்ல விழுந்துட்டு வாரேன்னு சொல்லுதா.”

வார்த்தை தன்னால் வந்து விழுந்தது. செவ்வந்தி உப்புக் கம்பெனியில் தண்ணீர் சோதிக்கும் வேலை பார்க்கிறாள். கடல் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். இந்த வயதில் நீச்சல் படிக்கச் சேர்ந்திருக்கிறாள், ஆறு வயசுப் பிள்ளைகளோடு.

“ஆறு வயசுப் புள்ளைய எல்லாம் மீனு மாதிரி போவுதாம். அவ அம்மிக்கல்லு மாதிரி போறாளாம். நேத்து மூக்குல ஏறுன தண்ணி இன்னிக்குத்தான் காது வழியா வந்துச்சாம். பஸ்ஸுல நாப்பது பேரு, ஒருத்தன் காதுல இருக்குற பொட்டக் கழத்தல, அவ பாட்டுக்கு எங்கிட்ட அளந்துக்கிட்டே வாரா.”

பதினெட்டு நிமிஷம் போனதே தெரியவில்லை.

மறுநாளும் செவ்வந்தி ஏறினாள். அதற்கு மறுநாளும். பஸ் அறிவிப்புக் குரலை எதிர்த்துப் பேசினாள். நின்றுகொண்டே இட்லி தின்றாள். நீச்சல் மாஸ்டர் அவளைப் பார்த்தாலே கரைக்கு ஓடுகிறாராம். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு நாளைக்கு அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று சண்முகக்கனி யோசிப்பாள். யோசிக்கையிலேயே சிரிப்பு வரும். பக்கத்தில் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

பத்தொன்பதாம் நாள். அன்றைக்கு ஏனோ சண்முகக்கனி சேவல்காரரில் ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் போயிருக்கும்.

“மிதந்தாளா?”

துருப்பிடித்த கீல் திறப்பது போல ஒரு குரல். சண்முகக்கனி கையிலிருந்த பாதத்தை விட்டுவிட்டாள்.

“எவட்டி?”

சிவப்பு விளக்கு எரிந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

“செவ்வந்தி.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். சண்முகக்கனி விட்ட பாதத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்டக்டர். கூட்டத்தில் நின்று பேசிப் பழகியவள்.

“இன்னும் இல்ல,” என்றாள். “ரெண்டு நொடி மிதந்துருக்கா. நான் மிதக்கேன்னு கத்த வாயத் திறந்துருக்கா. தண்ணி உள்ள போயிட்டு.”

உமையாளின் உதடு ஓரம் அசைந்தது. அதைச் சிரிப்பு என்று வெளியாட்கள் சொல்ல மாட்டார்கள். சண்முகக்கனிக்கு அது போதும்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பியது. தானாகப் பல் துலக்கினாள். தலைக்குக் குளித்தாள். இருபத்து நான்காம் நாள், “இந்தக் கொழம்புல உப்பு இல்லம்மா,” என்றாள். சண்முகக்கனி அடுப்படிக்குள் போய் உப்பு டப்பாவை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். டாக்டருக்கும் ஜெசிந்தாவுக்கும் அந்த இயந்திரத்துக்கும் என்ன கைமாறு செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முப்பதாவது நாள், வெள்ளிக்கிழமை, ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பும் ஒரு சந்தனக் கிண்ணமும் கொண்டுவந்தாள்.

“மக்ரூன் உங்களுக்கு. சந்தனம் மெஷினுக்கு.”

“எக்கா, டாக்டரம்மா பாத்தாவன்னா என்னையக் கொன்னே போடுவாவ.”

“பொட்டு போல ஒண்ணே ஒண்ணு. பஸ்ஸுக்கு வைக்கேன், இதுக்கு வைக்காண்டாமா? எம்புள்ளையத் தந்துருக்கு.”

ஜெசிந்தா வாசலை எட்டிப் பார்த்தாள். “பின்பக்கம் வைங்க. தெரியாத எடத்துல. சாயங்காலம் நானே தொடச்சிருவேன்.”

சந்தனம் வைத்துக் கும்பிட்டுத் திரும்பியபோது உமையாள் தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

“யம்மா, திங்கக்கிழம நீங்க டூட்டிதான?”

“ஆமாட்டி.”

“நானும் வாரேன். செவ்வந்தியப் பாக்கணும்.”

*

“கோட்டுக்கு உள்ள உக்காந்தியளா? முப்பது நாளும்?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“மொத வாரம் மட்டும் வெளிய உக்காந்தேன்.” சண்முகக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். “இரும்பு எதுவும் போடலியே ஜெசிந்தா. தாலியக் கூட…”

“ஏன் ஆத்தா, கோடு இரும்புக்குப் போட்டதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?” என்றார் டாக்டர்.

உமையாளை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் அறையில் இருந்தார்கள். சண்முகக்கனி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். டாக்டர் ஹமீதா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“அந்தச் செவ்வந்திய நினைச்சுப் பாருங்க,” என்றார். “எப்படி இருக்கா?”

“ஒல்லியா. இடது புருவத்துல தழும்பு. சிரிச்சா ஈறு தெரியும்…” சண்முகக்கனி நிறுத்தினாள். “ஈறப் பத்தி நான் சொல்லவே இல்லியே டாக்டரம்மா. ஆனா தெரியுதே.”

“கோடு எதுக்குன்னு இப்போ புரியுதா? மெல்லிய காந்தம் உங்களையும் தொட்டிருக்கு. இட்டுக்கட்டினதுன்னு உங்க புத்திக்குத் தெரியும். மனசு, பாத்த ஆளாத்தான் வச்சிருக்கும். உமையாளுக்கு இன்னும் ஆழமா.”

“அவகிட்ட உண்மையச் சொன்னா?”

“நினைவு போகாது. அப்படி ஒரு ஆள் இல்லன்னு தெரிஞ்சிரும், ஆனா அந்த ஆளோட பழகின பழக்கம் அப்படியே இருக்கும். உசிரா இருந்த ஒருத்தர் மவுத்தாகி, மண்ணுக்குப் போயிட்ட மாதிரின்னு வைங்க. இப்பத்தான் எந்திரிச்சு நிக்கிறா. தாங்குவாளான்னு எனக்குத் தெரியல. தெரியும்னு சொன்னா அது பொய்.”

ஜெசிந்தா தொண்டையைச் செருமினாள்.

“டாக்டரம்மா தப்பா நெனைக்கப்பிடாது. எங்க அண்ணன் மவ ஒருத்தி இருக்கா, ஷைனி. இதே வயசு. வாய மூட மாட்டா. புருவத்துல ஒரு கோடு போட்டு, தலையில ரெண்டு சொம்பு தண்ணிய ஊத்தி அந்த விலக்குல நிப்பாட்டுனா…”

“ஜெசிந்தா!” என்றார் டாக்டர்.

சண்முகக்கனி அந்த யோசனையை ஒரு முழு நிமிஷம் கையில் வைத்திருந்தாள். அவ்வளவு சுலபமாக இருந்தது அது. உமையாள் ஏறுவாள், ஷைனி ஏறுவாள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே புதுக்கோட்டை வரை போவார்கள்.

“வேண்டாம்,” என்றாள் கடைசியில். “பதினோரு மாசம் கழிச்சு எம்மவ ஒரு ஆளத் தேடி வாசலத் தாண்டுதா. அந்த ஆளும் வேஷம் கட்டுன ஆளா இருக்கப்பிடாது. இப்பம் பொய் சொன்ன ஆளு நான் ஒருத்திதான். அது என்னோடேயே போவட்டும்.”

டாக்டர் ஒரு சீட்டில் தன் வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தார். “எந்த நேரமா இருந்தாலும்,” என்றார்.

*

திங்கட்கிழமை எட்டே காலுக்கு உமையாள் பஸ்ஸில் முன்பக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சுடிதார். பதினோரு மாதத்துக்கு முன் தைத்தது. தோளில் தொளதொளவென்று நின்றது. மூன்றாம் மைல் போயிற்று. கோரம்பள்ளம் போயிற்று. உமையாள் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டினாள்.

உப்பளத்து விலக்கில் சண்முகக்கனி ஒரு விசில் ஊதினாள். பஸ் நின்றது. கதவு திறந்தது. வெளியே வெயிலில் உப்புக் குவியல்கள் வெள்ளையாக நின்றன. நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை.

“இன்னிக்கு லேட்டா வாராளோ?” என்றாள் உமையாள்.

சண்முகக்கனி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டூட்டி நேரத்தில் பதினாறு வருஷத்தில் அவள் உட்கார்ந்ததில்லை.

“உமை. செவ்வந்தின்னு ஒருத்தி இல்ல.”

“எந்த ஸ்டாப்புக்கு மாறிட்டா?”

“மாறல மக்ளே. அவ இல்லவே இல்ல. எனக்குப் பேச ஒண்ணும் கிடைக்கல. நீ கேட்டுக்கிட்டே கெடந்த. சும்மா இருக்க மாட்டாம நானா உண்டாக்குனேன். நடந்தது மட்டும்தான் பேசணும்னு சொன்னாவ. நான் கேக்கல. அம்மா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

உமையாள் தாயின் முகத்தைப் பார்த்தாள். திறந்த கதவைப் பார்த்தாள். காலி நிறுத்தத்தைப் பார்த்தாள்.

“அவளுக்குப் புருவத்துல தழும்பு இருக்கும்மா,” என்றாள் மெதுவாக. “நான் பாத்துருக்கேன்.”

“நானும்தான் பாத்தேன். ஆனா இல்லட்டி.”

முதலில் உமையாளின் தோள் ஆடியது. பிறகு வாய் கோணியது. பிறகு அழுகை வந்தது. பதினோரு மாதம் வராத அழுகை. பெரிய சத்தத்தோடு, மூக்கு ஒழுக, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காதுப் பொட்டைக் கழற்றினார்கள்.

“என்னம்மா ஆச்சு? யாரும் தவறிட்டாவளா?” என்று பின்சீட்டிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“ஆமா,” என்றாள் உமையாள் அழுகையினூடே. “என் சேக்காளி.”

அந்தப் பெண் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சேவல்காரர் கடலை மிட்டாயை எடுத்து அவள் மடியில் வைத்தார். “எத்தன வயசு?” என்று ஒருவர் கேட்டார். “இருவது,” என்றாள் சண்முகக்கனி. பஸ் முழுவதும் உச்சுக்கொட்டியது.

செவ்வாய்க்கிழமை உமையாள் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சண்முகக்கனி டாக்டரைக் கூப்பிட்டாள்.

“அழுதாளா?”

“நேத்து பூராவும் அழுதா டாக்டரம்மா. ராத்திரியும். இன்னிக்குத் திரும்பிப் படுத்துட்டா.”

“கண்ணத் தொட்டுப் பாருங்க. காஞ்சிருக்கா, ஈரமா?”

தொட்டுப் பார்த்தாள். “ஈரம்.”

“அப்போ துக்கம். பழைய நோய் இப்படி நனையாது. பக்கத்துல ஆள் இருக்கட்டும், தனியா விடாதீங்க. சாயங்காலம் கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம். அழுறவள அழ விடுங்க.”

எதிர்வீட்டுப் பிரின்சியின் அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு அரை நாள் டூட்டிக்குப் போனாள். உப்பளத்து விலக்கு வந்தது. ஏற ஆளில்லை, இறங்க ஆளில்லை. அவள் விசில் ஊதினாள். பஸ் நின்றது. கதவு திறந்தது. உப்புக்காற்று வந்தது. ஈரத்தலையோடு ஒருத்தி ஓடி வந்து ஏறுவாள் என்று எட்டிப் பார்த்தாள். அவளே பெற்ற பொய்க்கு அவளே ஏங்கி நின்றாள். யாரும் ஏன் நிற்கிறோம் என்று கேட்கவில்லை. பின்சீட்டுப் பெண் மட்டும், “புள்ளைக்கு இப்பம் எப்படி இருக்கு?” என்றாள்.

சாயங்காலம் டாக்டர் உமையாளோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார். வெளியே வந்து, “சாப்பிடச் சொல்லியிருக்கேன். எனக்குக் கட்டளை போட உரிமை உண்டு,” என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலை சண்முகக்கனி கிளம்பும்போது பிரின்சியின் அம்மா வந்துவிட்டாள். உமையாள் பாயில் உட்கார்ந்திருந்தாள். தாய் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு விளக்கு அவள் நெற்றிக்குள்ளேயே எரிய ஆரம்பித்திருந்தது. பழைய பஸ் நிலையத்தில் வண்டி புறப்பட இரண்டு விசில் ஊதப் போன நேரத்தில் கதவில் பச்சைச் சுடிதார் தெரிந்தது. பின்னாலேயே மூச்சு வாங்க பிரின்சியின் அம்மா.

“கையப் புடிச்சா நிக்க மாட்டேங்கா கனி! இந்தா, உம்புள்ளைய நீயே வச்சுக்கோ.”

உமையாள் ஏறி அதே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. தலை வாரியிருந்தாள். மூன்றாம் மைல் போயிற்று. கோரம்பள்ளம் தாண்டியதும் தாயைப் பார்த்துத் திரும்பினாள்.

“யம்மா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படப்பிடாது.”

“சொல்லு.”

“செவ்வந்திக்கு உங்களப் புடிக்காது.”

சண்முகக்கனிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. “என்னது?”

“புடிக்காதுன்னு எங்கிட்ட சொன்னா. உங்கம்மா ரொம்பக் கத்துதாவட்டி, பஸ்ஸுக்கே காது வலிக்கும்னா.”

“நான் எப்பட்டி கத்துனேன்?” என்று கத்தினாள் சண்முகக்கனி.

பின்சீட்டுப் பெண் சிரித்துவிட்டாள். உமையாள் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அப்படி வைத்துக்கொள்ள அவள் படும் பாடு தாய்க்குத் தெரிந்தது. இந்தப் பேச்சை எந்த அறையிலும் யாரும் அவள் காதில் போடவில்லை. இதைச் சண்முகக்கனி சொல்லவில்லை. இது மகளுடையது.

“அவளுக்கு நின்னுக்கிட்டு இட்லி திங்கத் தெரியும், என்னையக் கொற சொல்லத் தெரியுமோ? பஸ்ஸுக்குள்ள தண்ணி சொட்டச் சொட்ட வந்தவள, ஒரு வார்த்த நான் திட்டிருப்பனா? வேற என்ன சொன்னா?”

“நெறையச் சொல்லிருக்கா.”

“என்னெல்லாம் சொன்னா?”

உமையாள் ஜன்னல் ஓரமாக ஒதுங்கிப் பக்கத்தில் இடம் விட்டாள்.

“மொதல்ல உக்காருங்க,” என்றாள். “சொல்லுதேன்.”